மேட்டுக்குத் தண்ணி ஏறாது: கிறிஸ்தவ தாழ்மை எண்டா என்ன?

போன மாசம் ஓய்வுநாள் பாடசாலையில ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டா, "சேர், பெருமை பாவம் எண்டு படிப்பிக்கிறீங்கள், ஆனா ஓஎல் ரிசல்ட் வந்தவுடன ஒன்பது ஏ எடுத்த அக்காவ முன்னுக்குக் கூப்பிட்டு மாலை போட்டனீங்கள் தானே, அப்ப அது பாவம் இல்லையா" எண்டு. எனக்கு அந்த இடத்தில ஒழுங்கான பதில் வரேல்ல, ஏதோ சொல்லிச் சமாளிச்சுப்போட்டு வீட்ட வந்து கன நாள் அதையே யோசிச்சுக்கொண்டு இருந்தனான். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல நினைச்சதைத்தான் இப்ப எழுதுறன், புதுசா விசுவாசத்துக்கு வந்த ஆக்களுக்கும் உதவும் எண்டு நினைக்கிறன், ஏனெண்டா வேதாகமத்தில அடிக்கடி வாற விசயம் இது, ஆனா நாங்கள் பிழையா விளங்கி வச்சிருக்கிற விசயமும் இதுதான்.

முதல் குழப்பமே சொல்லில இருக்கு. தமிழில பெருமை எண்ட ஒரே சொல்லை நல்லதுக்கும் பாவிக்கிறம் கெட்டதுக்கும் பாவிக்கிறம். "மகள் படிச்சு வந்தது எங்களுக்குப் பெருமை" எண்டு ஒரு அம்மா சொன்னா அது சந்தோசம், அதில ஒரு பிழையும் இல்லை. வள்ளுவர்கூட "பணியுமாம் என்றும் பெருமை" எண்டுதான் சொன்னவர், அதாவது உண்மையான பெரிய ஆள் எப்பவும் பணிஞ்சுதான் இருப்பான், சின்னத்தனம் இருக்கிறவன்தான் தன்னைத் தானே வியந்து அலங்கரிச்சுக்கொண்டு திரிவான். வேதாகமம் எதிர்க்கிற பெருமை வேற. அதுக்கு அகந்தை, மேட்டிமை, வீண்பெருமை எண்டு எங்கட பழைய மொழிபெயர்ப்பில சொல்லுகள் இருக்கு, எங்கட ஊர்ப் பேச்சில எடுப்பு, நடப்பு, லெவல் காட்டுறது எண்டுவம். இந்த மேட்டிமை எண்ட சொல்லு எனக்கு நல்லாப் பிடிக்கும், அதுக்குள்ள மேடு எண்டு கேக்குது தானே, வயல் செய்யிற ஆளுக்கு அது உடனே விளங்கும்.

இரணைமடுக் குளத்துக்குக் கீழ வயல் செய்யிற ஆக்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை, மற்ற ஆக்களுக்காகச் சொல்லுறன். விதைக்க முதல் உழுது, சேறடிச்சு, பலகை போட்டு மட்டப்படுத்துவம். அதில எங்கயாவது ஒரு பாய் அளவுக்குத் திட்டியா விட்டிட்டம் எண்டா போகம் முடியும்வரைக்கும் அந்தத் திட்டி கண்ணுக்குக் குத்திக்கொண்டே இருக்கும், சுத்திவர முழங்கால் அளவுக்குப் பயிர் பச்சையா நிக்கும், அந்தத் திட்டி மட்டும் மஞ்சளாக் காஞ்சு போய்க் கிடக்கும், முதல் புல்லு வாறதும் அங்கதான். குளத்தில தண்ணி இல்லாம இல்லை, வாய்க்காலும் பூட்டேல்ல, பக்கத்துப் பாத்தியில தண்ணி வரம்பு முட்ட நிக்குது, ஆனா மேட்டுக்கு ஏறாது. "பெருமையுள்ளவர்களுக்குத் தேவன் எதிர்த்து நிற்கிறார், தாழ்மையுள்ளவர்களுக்கோ கிருபை அளிக்கிறார்" எண்டு யாக்கோபு நிருபம் 4ஆம் அதிகாரத்தில இருக்கிற வசனத்தை நான் சின்னனில இருந்து பாடமாக்கி வச்சிருந்தன், ஆனா உண்மையா விளங்கினது ஒரு சிறுபோகத்தில மண்வெட்டியோட அந்தத் திட்டியில நிண்டுகொண்டிருக்கேக்கதான். அந்த வசனத்தில எதிர்த்து நிற்கிறார் எண்டு இருக்கிறதைக் கவனியுங்கோ, களவுக்கும் பொய்க்கும்கூட அவ்வளவு கடுமையான சொல்லைக் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை. ஏன் இவ்வளவு கடுமை எண்டா, மற்றப் பாவத்தில விழுந்த ஆள் ஒரு நாளைக்காவது கடவுளிட்ட வந்து மன்னிப்புக் கேக்கும், பெருமை பிடிச்ச ஆளுக்குக் கடவுள் தேவைப்படவே இல்லை.

அகந்தைக்கு உதாரணம் கேட்டா எல்லாரும் நேபுகாத்நேச்சாரைத்தான் சொல்லுவினம், பாபிலோன் மாளிகையில உலாவிக்கொண்டு இது நான் கட்டினது அல்லவா எண்டு சொன்னவன், பிறகு மாடு மாதிரிப் புல்லுத் திண்டவன். சரிதான், ஆனா அவன் மகாராசா, எங்களுக்கும் அவனுக்கும் கன தூரம். எனக்கு உசியா ராசாவின்ர கதைதான் கிட்ட வாற கதை, 2 நாளாகமம் 26ஆம் அதிகாரம். பதினாறு வயசில ராசாவானவன், 52 வருசம் எருசலேமில ஆண்டவன். கடவுளைத் தேடின நாள் எல்லாம் அவனுக்கு எல்லாமே வாய்ச்சது. கோபுரம் கட்டினான், துரவு வெட்டினான், மாடுகண்டு கனக்க வச்சிருந்தான், வேதாகமம் அவனை வெள்ளாண்மைப் பிரியன் எண்டே சொல்லுது, இதை வாசிக்கேக்க எனக்கு ஆள் எங்கட ஊர்க்காரன் மாதிரி இருக்கும். பிறகு ஒரு வசனம் வருது, "அவன் பலப்பட்டபோது, தனக்குக் கேடுண்டாகுமட்டும், அவனுடைய மனம் மேட்டிமையாகி". கஷ்டப்பட்டபோது எண்டு இல்லை, பலப்பட்டபோது. ஆசாரியர் மட்டும் செய்யவேண்டிய தூபங்காட்டுற வேலையைத் தானே செய்வன் எண்டு ஆலயத்துக்குள்ள போனான், பிரதான ஆசாரியர் அசரியாவும் எண்பது ஆசாரியரும் பின்னால வந்து இது உமக்கு அடுத்ததல்ல, வெளிய போம் எண்டு சொல்லினம், அந்த இடத்தில அவன் நிண்டு ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாம், ஆனா கையில தூபகலசத்தை வச்சுக்கொண்டு கோவப்பட்டான். கோவப்பட்ட உடனே நெத்தியில குஷ்டம். சாகும்வரைக்கும் தனி வீட்டில இருந்தான், ஆட்சியை மகன் பாத்தான்.

நான் இதில பிள்ளையளுக்குக் காட்டுறது அந்தக் கோவத்தை. எனக்குப் பெருமை இருக்கா இல்லையா எண்டு யோசிச்சுக் கண்டுபிடிக்க ஏலாது, யோசிச்சா எல்லாரும் எனக்கு இல்லை எண்டுதான் சொல்லுவம், ஆனா ஒருத்தர் வந்து "நீங்கள் செய்தது பிழை" எண்டு சொல்லேக்க எனக்குள்ள முதல் எழும்புறது என்ன எண்டு பாத்தா அங்க தெரிஞ்சுபோகும். சொன்ன ஆள் வயசில குறைஞ்ச ஆள், படிப்பில குறைஞ்ச ஆள், எங்களிட்டக் கூலிக்கு வாற ஆள் எண்டா இன்னும் நல்லாத் தெரியும்.

பலப்பட்டபோது எண்ட அந்தச் சொல்லு வன்னியில இருக்கிற எங்களுக்குச் சொன்னது மாதிரி எனக்குப் படும். யுத்தம் முடிஞ்ச 2009இல நாங்கள் எல்லாரும் ஒண்டும் இல்லாம வெளிய வந்தனாங்கள். செட்டிகுளத்து முகாமில ரீச்சரும் கடைக்காரரும் கூலிக்காரரும் ஒரே மாதிரித் தறப்பாளுக்குக் கீழ படுத்தம், பவுசர் தண்ணி வரேக்க ஒரே லைனில வாளியோட நிண்டம், பக்கத்துக் கொட்டில்ச் சைவக்கார அம்மா தன்ர பேணியில எங்கட பிள்ளைக்குக் கஞ்சி தந்தவ, அவவின்ர சாதி சமயம் ஒண்டும் ஒருத்தரும் கேக்கேல்ல. அப்ப நாங்கள் செய்த ஜெபம் எல்லாம் சின்ன ஜெபம், அப்பா காப்பாத்தும், அவ்வளவுதான். பிறகு ஊருக்கு வந்தம், காடு வெட்டினம், இந்திய வீட்டுத்திட்டத்தில ஒரு குடும்பத்துக்கு ஐஞ்சரை லட்சம் எண்டு தந்து வீடு எழும்பிச்சு, வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் அனுப்பி மதிலும் கேற்றும் வந்துது. இதெல்லாம் நல்லதுதான், நான் குறை சொல்லேல்ல, கொட்டிலில நனைஞ்ச சனத்துக்கு வீடு வேணும். ஆனா மதில் எழும்ப எழும்ப நாங்கள் கதைக்கிற கதை மாறினது எனக்குத் தெரியும், "கர்த்தர் தந்தார்" எண்டு தொடங்கினது "நாங்கள் கஷ்டப்பட்டு முன்னேறினாங்கள்" எண்டு ஆகி, கடைசியில "அவையள் முயற்சி இல்லாத சனம், அதுதான் இன்னும் அப்பிடியே கிடக்குதுகள்" எண்டு பக்கத்து வீட்டைக் காட்டிச் சொல்லுற அளவுக்கு வந்திட்டுது. உபாகமம் 8ஆம் அதிகாரத்தில மோசே இதைத்தான் முன்னுக்கே சொல்லி வைக்கிறார், நல்ல வீடு கட்டிக் குடியிருந்து ஆடுமாடு பெருகேக்க என்ர கைப்பெலன்தான் இதைச் சம்பாதிச்சது எண்டு உன்ர மனசில சொல்லாத எண்டு. பவுல் கொரிந்து சபைக்கு ஒரே கேள்வியாக் கேப்பார், "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" உழைச்சது நான்தான், ஆனா உழைக்கிற கையும் காலும் எனக்கு மிஞ்சினது நான் உழைச்சதால இல்லையே.

இப்ப தாழ்மை எண்டா என்ன எண்டு ஓரளவுக்குச் சொல்லலாம். எனக்கு இருக்கிறது எல்லாம் நான் வாங்கினது எண்டதை மறக்காம இருக்கிறதுதான் தாழ்மையின்ர அடி வேர். எனக்கு ஒண்டும் தெரியாது, நான் ஒண்டுக்கும் உதவாதவன் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறது தாழ்மை இல்லை. நல்லாப் பாடத் தெரிஞ்ச பிள்ளை எனக்குப் பாடத் தெரியாது எண்டு சொன்னா அது பொய், அதோட கன நேரம் அப்பிடிச் சொல்லுறது மற்ற ஆக்கள் "ஐயோ இல்லை, நல்லாப் பாடுறீங்கள்" எண்டு சொல்ல வேணும் எண்டுதான். ஆதாம் எண்ட பேரே எபிரேய மொழியில மண்ணைக் குறிக்கிற ஆதமா எண்ட சொல்லோட சேந்தது. நாங்கள் மண், ஆனா அவர் கையால உருவாக்கின மண், அந்த ரெண்டில எதை மறந்தாலும் பிழைதான்.

இன்னொண்டு, இது எங்கட ஊருக்கு முக்கியம். தாழ்மை எண்டு சொல்லி மற்றவையை அமத்திறது கனக்க நடக்குது. கந்தோரில தன்ர காணிப் பத்திரத்துக்காகவோ காணாமல் போன மகனுக்காகவோ கேட்டுக்கொண்டு நிக்கிற தாயைப் பாத்து "கிறிஸ்தவ பொம்பிளை தாழ்மையா இருக்க வேணும்" எண்டு சொல்லுறது சுவிசேசம் இல்லை. இயேசுவையே ஒரு சேவகன் கன்னத்தில அறைஞ்சபோது அவர் பேசாம இருக்கேல்ல, "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" எண்டு கேட்டவர், யோவான் 18இல இருக்கு. பவுலைப் பிலிப்பி பட்டினத்தில விசாரிக்காம அடிச்சுச் சிறையில போட்டுட்டு விடியப்புறம் ரகசியமா விடப் பாத்தபோது, நாங்கள் ரோமர், அவையளே வந்து எங்களை வெளிய கூட்டிக்கொண்டு போகட்டும் எண்டு அசையாம இருந்தவர். இதில எனக்கு எப்பவும் வியப்பா இருக்கிறது என்னெண்டா, அதே பவுல் அதே பிலிப்பி ஊர்ச் சபைக்குத்தான் பிறகு "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்" எண்டு எழுதினவர். தாழ்மை தானா இறங்கிறது, ஒருத்தர் இன்னொருத்தரை மிதிச்சு இறக்கினா அதுக்குப் பேர் கொடுமை.

தானா இறங்கிறது எண்டதை இயேசு காட்டினது யோவான் 13இல. ராச்சாப்பாட்டு நேரம், மேல் உடுப்பைக் கழட்டி வச்சு, சீலையை எடுத்து அரையில கட்டி, ஒரு பாத்திரத்தில தண்ணி ஊத்தி சீடரின்ர காலைக் கழுவத் தொடங்கிறார். கிரவல் ரோட்டில நடந்து வந்த காலைப் பாத்தனீங்கள் தானே, விரல் இடுக்கெல்லாம் செம்மண் ஒட்டி, குதிக்கால் வெடிச்சு, அப்பிடியான கால்தான் அந்தக் காலத்திலயும். அது அடிமை செய்யிற வேலை, அறையில இருந்த பன்னிரண்டு பேரில ஒருத்தரும் எழும்பேல்ல, எழும்பினா நான் அடிமை எண்டு ஒத்துக்கொண்டதா ஆகிப்போகும். அவரைக் காட்டிக்குடுக்கப் போற யூதாசின்ர காலும் அதுக்குள்ள இருந்தது. பேதுரு விடமாட்டன் எண்டு நிண்டவர், பாக்கத் தாழ்மை மாதிரி இருக்கும், ஆனா நான் உன்னைக் கழுவாவிட்டா என்னிடத்தில உனக்குப் பங்கில்லை எண்டு இயேசு சொன்னபிறகுதான் ஆள் இறங்கினது. குடுக்கிறதை விட வாங்கிறதுக்குத்தான் சில பேருக்குக் கூடத் தாழ்மை வேணும், எங்கட சனத்துக்கு இது நல்லாப் பொருந்தும், பசியோட இருந்தாலும் இருப்பம் பக்கத்து வீட்டில கேக்கமாட்டம் எண்டு சொல்லுற ஆக்கள் நாங்கள்.

2013இல பாப்பரசர் பிரான்சிஸ் பதவிக்கு வந்த கொஞ்ச நாளிலயே பெரிய வியாழன் அண்டு ரோமில இருக்கிற இளம் குற்றவாளியள் சிறைக்குப் போய் பன்னிரண்டு பேரின்ர காலைக் கழுவினவர், அதில பொம்பிளைப் பிள்ளையளும் இருந்தவை, முஸ்லிம் ஆக்களும் இருந்தவை. நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனா அந்தப் படத்தை வகுப்பில காட்டினனான். அதே ஆள் 2015 ஜனவரி 14 அண்டு கொழும்பு காலிமுகத்திடலில யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதர் எண்டு அறிவிச்சுப்போட்டு அண்டைக்கே எங்கட மடு மாதா கோயிலுக்கும் வந்தவர். யோசப் வாஸ் கோவாவில பிராமணக் குடும்பத்தில பிறந்த ஆள், 1687இல ஒல்லாந்தர் கத்தோலிக்கரை அடக்கி வச்சிருந்த காலத்தில பிச்சைக்காரர் கோலத்தில யாழ்ப்பாணம் வந்து சேந்தவர், பிறகு கண்டியில அம்மை வருத்தம் வந்து சனம் சொந்த வீட்டு ஆக்களையே விட்டிட்டு ஓடேக்க அந்த நோயாளியளைத் தூக்கிப் பராமரிச்சவர். அவரைப் பற்றிப் பேசுற ஊரில, எல்லாச் சபையிலயும்தான், இண்டைக்கும் கலியாணம் எண்டு வந்தா முதல் "எந்தப் பகுதி ஆக்கள்" எண்டு மெல்லமா விசாரிக்கிறம். ஒரே அப்பத்தில பங்கெடுத்துப்போட்டு வெளிய வந்து அந்தக் கேள்வியைக் கேக்கிறது எனக்குத் தாங்க ஏலாத விசயம், சாதிப் பெருமையை வேற எந்தப் பேர் சொல்லியும் மூட ஏலாது.

பக்தியிலயும் பெருமை வரும், அது கண்டுபிடிக்கக் கஷ்டமானது. லூக்கா 18இல ஜெபம் பண்ணப் போன பரிசேயன், அதாவது சமயச் சட்டத்தைக் கண்டிப்பாக் கடைப்பிடிக்கிற கூட்டத்து ஆள், சொன்னதில ஒண்டும் பொய் இல்லை, அவன் கிழமைக்கு ரெண்டு தரம் உபவாசம் இருந்தவன்தான், தசமபாகம் குடுத்தவன்தான், ஆனா தூரத்தில நிண்ட ஆயக்காரனை, வரி வாங்கிற ஆளை, பாத்துக்கொண்டு ஜெபம் பண்ணினான். நாங்கள் எங்கட ஊர்ச் சைவ ஆக்களைப் பாத்து, மற்றச் சபை ஆக்களைப் பாத்து ஜெபம் பண்ணினா நாங்களும் அதே ஆள்தான். சாட்சி சொல்லேக்கயும் கவனமா இருக்க வேணும், யுத்தத்தில நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லுறது நல்லது, சொல்லத்தான் வேணும், ஆனா எங்களை மாதிரி ஒருத்தரும் படேல்ல எண்டு கதை போகத் தொடங்கினா அந்த இடத்தில மைக்கைக் குடுத்திட்டு வந்து இருக்கிறது நல்லது.

என்ர கதையையும் சொல்ல வேணும், இல்லாட்டி இது சரிவராது. ஒரு வருசம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில ஒரு பூசணிக்காய் வந்தது, நல்ல பெரிசு. எனக்கு முன் வாங்கில இருந்த ஒரு ஆச்சி நானூறு எண்டு கேட்டவ. நான் ஆயிரம் எண்டன், அங்கால ஒரு அண்ணை ஆயிரத்தி ஐந்நூறு எண்டார், பிறகு நானும் அவரும் மாறி மாறி ஏத்தி நாலாயிரத்தி ஐந்நூறுக்கு நான் எடுத்தன். சனம் கை தட்டிச்சு, மைக்கில என்ர பேரை ரெண்டு தரம் சொல்லிச்சினம். காசு கோயிலுக்குத்தானே போகுது எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்ட கொண்டுவந்து வச்சன். மனுசி அதை வெட்டிக்கொண்டு, "ஆச்சி தானே முதல் கேட்டவ, என்ன?" எண்டா. குத்தலா ஒண்டும் சொல்லேல்ல, சும்மா கேட்டவ. ஆனா எனக்குச் சோறு இறங்கேல்ல. பின்னேரம் பாதியைக் கொண்டுபோய் ஆச்சியிட்டக் குடுத்தன், அவ சிரிச்சுக்கொண்டு "தம்பிக்குப் பெரிய மனசு" எண்டு வாங்கினா. அந்த நேரத்திலயும் ஒழுங்கையால போற ஆரும் இதைப் பாத்தா நல்லம் எண்டு எனக்குள்ள ஒண்டு சொல்லிச்சு. அண்டைக்குத்தான் பெருமை எவ்வளவு ஆழத்தில வேர் விட்டிருக்கு எண்டு எனக்குத் தெரிஞ்சது, திருந்தப் போன இடத்துக்கும் கூடவே வருது.

அதால எங்க தொடங்கிறது எண்டு கேட்டா, நான் பெரிய வழி ஒண்டும் சொல்லமாட்டன். குடுக்கிறதை ஒளிச்சுக் குடுத்துப் பாருங்கோ. ஒரு உலர் உணவுப் பொதியைக் குடுத்துப்போட்டு, வாங்கின தாயைத் தலை குனிஞ்சபடி நிக்க வச்சு போட்டோ எடுத்து பேஸ்புக்கில போடுறதை தயவுசெய்து நிப்பாட்டுங்கோ, வலதுகை செய்யிறதை இடதுகை அறியாம இருக்கட்டும் எண்டு இயேசு சொன்னது இதுக்குத்தான், அந்தத் தாய்க்கும் மானம் இருக்கு. ஒருத்தருக்கும் தெரியாத வேலை ஒண்டை எடுத்துச் செய்யுங்கோ, கக்கூஸ் கழுவுறதோ கதிரை அடுக்கிறதோ, அதையும் பிறகு சொல்லிக்காட்டாதேங்கோ. ஆரும் பிழை எண்டு சொன்னா உடனே மறுமொழி சொல்லாம ஒரு நாள் வச்சிருந்து பாருங்கோ. கன பேருக்கு இந்த ஒண்டே வருசக்கணக்கில எடுக்கும், எனக்கு இன்னும் எடுக்குது.

மாலையைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு நான் சொல்லுறது இதுதான்: உனக்கும் ஒரு நாள் மாலை போட்டா வாங்கு மகள், சந்தோசமா வாங்கு, நீ படிச்சது உண்மை. பிறகு உனக்குக் கணக்குச் சொல்லித் தந்த ரீச்சரிட்டப் போ, விடிய நாலு மணிக்கு எழும்பித் தேத்தண்ணி போட்ட அம்மாவிட்டப் போ, மூண்டு பாடம் பெயில் விட்டிட்டு வீட்டை விட்டு வெளிய வராம இருக்கிற உன்ர சிநேகிதியிட்டயும் போ, அவவுக்குப் பக்கத்தில இருந்து படிப்பி. மாலை அதுக்குப் பிறகும் உனக்குப் பாரமா இருக்காது.

பிழையை ஒத்துக்கொள்ளுறதைப் பற்றி ஒண்டு சொல்லாம விட்டிட்டன். போன காலபோகத்தில லாண்ட்மாஸ்டர் திறப்பைக் காணேல்ல எண்டு நான் என்ர மகனைக் கடையடியில, நாலு பேர் பாக்க, நல்லாப் பேசிப்போட்டன். அவன் எடுக்கேல்ல எண்டு சொன்னவன், நான் கேக்கேல்ல. வீட்ட வந்து சேட்டைக் கழட்டேக்க பொக்கற்றுக்குள்ள திறப்பு இருந்துது. பேசாம விட்டிருக்கலாம், அவன் பதினைஞ்சு வயசுப் பெடியன், எங்கட ஊரில ஒரு தேப்பன் மகனிட்ட மன்னிப்புக் கேட்டதை நான் கண்டதே இல்லை. ஆனா பேசினது சனத்துக்கு முன்னால எண்டா மன்னிப்பையும் அதே சனத்துக்கு முன்னாலதான் கேக்க வேணும் எண்டு எனக்குப் பட்டுது. அடுத்த நாள் அதே கடையடிக்குப் போனன், அவன் அங்க நிண்டு சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கொண்டு நிண்டவன், "மகன், நேற்று அப்பாதான் பிழை, திறப்பு என்னட்டத்தான் இருந்தது, மன்னிச்சுக்கொள்" எண்டு அங்க இருந்த எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னன். ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்ல. அவன் நிமிந்து என்னை ஒருக்காப் பாத்தான், "சரியப்பா" எண்டான், பிறகு குனிஞ்சு மற்ற ரயருக்குக் காத்தடிக்கத் தொடங்கினான்.